அவளைப் பற்றி ஒரு வரி

அரும்பாவூர்,
14 ஜூன் 2023

அன்பான அக்காவுக்கு அம்சவள்ளி எழுதுவது. இங்கே நானும் அவரும் அத்தையும் சுகம். அங்கே நீயும் மாமாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவுக்கு இருமல் நின்றதா?

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நேற்று நீ பேசியபோது நான் "நல்லாருக்கேன், நல்லாருக்கேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேனே, கவனித்தாயா? அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார்கள். உன் போன் வந்தாலே, "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்குறேன்" என்பார்கள். போடாவிட்டால் அதற்கு ஒரு அர்த்தம் கற்பிப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஜாக்கெட் தைக்கப் போகும் ஜெயலட்சுமி அக்கா கடையின் விலாசத்தைக் கவருக்குப் பின்னால் எழுதியிருக்கிறேன். பதிலை அங்கே போடு. நான் உன் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்கே அனுப்புகிறேன். மாமா கண்ணில் பட வேண்டாம்.

கல்யாணம் ஆகி ஏழாவது வருஷம் நடக்கிறது. பெரம்பலூர் டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். சினைப்பையில் நீர்க்கட்டி, முட்டை வளர்வதில்லை, அதனால்தான் மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நான்கு மாதத்துக்கு ஒரு தடவை என்று வருகிறது. மாத்திரை போட்டு வரவழைத்து, பிறகு முட்டை வளர மாத்திரை போட்டு, பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். இதோடு சர்க்கரைக்குக் கொடுக்கிற மாத்திரையும் உண்டு. எனக்குச் சர்க்கரை இல்லை, ஆனாலும் இதற்கு அதுதானாம். அதைப் போட்டால் வயிற்றைக் கலக்குகிறது. பஸ்ஸில் போகவே பயமாக இருக்கிறது.

உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள். காலையில் ஏரிக்கரையில் நடக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம், "என்னா அம்சவள்ளி, சுகர் வந்துருச்சா?" என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். அது சுலபமாக இருக்கிறது.

அடுத்த மாதம் திருச்சியில் பெரிய டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு வண்டி ஓட்டம். வெங்காயம் ஏற்றும் நேரம், குட்டியானை வண்டியை நிறுத்திவிட்டு வர முடியாது என்கிறார். அத்தையைக் கூட்டிப் போக எனக்கு மனமில்லை. நீ வருகிறாயா அக்கா? நீ பக்கத்தில் இருந்தால் போதும், நான் எதையும் தாங்கிக்கொள்வேன்.

உன் தங்கை,
அம்சவள்ளி.

---

அரியலூர்,
10 ஜூலை 2023

அம்சுவுக்கு அக்கா ஜோதியின் ஆசி. உன் கடிதம் கிடைத்தது. பருப்பு வேகிற சத்தத்துக்கு நடுவில் நின்று படித்தேன். உன் உடம்பு பரவாயில்லையா? மாப்பிள்ளையையும் உன் அத்தையையும் விசாரித்ததாகச் சொல். சொல்லாவிட்டாலும் சரி.

பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே. பள்ளிக்கூடம் திறந்த நேரம். புதிதாகப் பிள்ளைகள் சேர்ந்ததால் சமையல் வேலை கூடிவிட்டது. எனக்கும் ஒரு மாதமாக உடம்பு சரியில்லை. பித்தம் போலிருக்கிறது. சோறு வேகிற வாடையே ஆகவில்லை. பஸ் ஏறினால் தலை சுற்றுகிறது. அதனால் திருச்சிக்கு இந்தத் தடவை வர முடியாது. தப்பாக நினைக்காதே.

ஜெயலட்சுமியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போ. தனியாகப் போகாதே. டாக்டர் சொல்வதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள், பயத்தில் நமக்குப் பாதி காதில் ஏறாது. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நடுவில் போட்டால் வயிற்றைக் கலக்காது என்று எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர் சொன்னார். அவருக்கும் இதே பிரச்சினை இருந்து இப்போது இரண்டு பிள்ளைகள். உனக்கும் வரும்.

பெரியவள் பதினொன்றாம் வகுப்பு போகிறாள். அரவிந்தன் அப்படியே இருக்கிறான், புத்தகத்தைத் தொடுவதில்லை. மாமாவுக்கு இருமல் பரவாயில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

ஜோதி.

---

அரும்பாவூர்,
21 ஆகஸ்ட் 2023

அக்காவுக்கு வணக்கம். உன் பித்தம் சரியாயிற்றா? இஞ்சிச் சாறும் தேனும் குடித்தாயா? போனில் உன் குரலே மாறியிருக்கிறது.

ஜெயலட்சுமி அக்காவோடு திருச்சிக்குப் போய் வந்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன். முட்டை பதினெட்டு மில்லிமீட்டர் வரைக்கும் வளர வேண்டுமாம். எனக்குப் பதினொன்றிலேயே நின்றுவிட்டது. ஸ்கேன் எடுக்கிற பெண் என் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தே, "வளரலம்மா" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் விடியற்காலையில் பஸ் ஏறிப் போனோம். மாத்திரையைக் கூட்டிப் பார்த்தார்கள். ஊசி போட்டார்கள். ஒரு தடவை பதினாறு வரை வந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டே வந்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால் அது சுருங்கிவிட்டது என்றார்கள்.

வேறு யாரிடமும் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்கிறேன். எனக்கு மோவாயில் முடி வளர்கிறது. அவர் எழுந்திருக்கும் முன்னால் குளியலறையில் அவருடைய பிளேடை எடுத்து வழித்துக்கொள்கிறேன். கழுத்தைச் சுற்றிக் கறுத்துவிட்டது. அழுக்கு என்று நினைத்து அத்தை தேங்காய் நார் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார்கள். ரத்தம் வரும் வரை தேய்த்தேன். அது அழுக்கில்லை, இந்த வியாதிக்கே அப்படித்தான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விட்டேன்.

போன வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. எல்லோரும் வரிசையாக வளையல் போட்டார்கள். என் முறை வரும்போது சந்தனக் கிண்ணத்தை என்னைத் தாண்டி அடுத்தவளிடம் நீட்டினார்கள்.  நான் பாக்கு மெல்லுவது போல் வாயை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அத்தை சொன்னார்கள்: "மாசாமாசம் தூரம் ஆவாதவளுக்கு புள்ள எங்க தங்கும்? அவுங்க மேல என்னா தப்பு?"

ரஞ்சன்குடியில் ஒரு பெண் இருப்பதாக அத்தை சொந்தக்காரரிடம் பேசிக்கொண்டிருந்ததும் என் காதில் விழுந்தது. யாருக்கு என்று கேட்கவில்லை.

நீ ஒரு நாள் வந்துவிட்டுப் போயேன் அக்கா. ஆடி அமாவாசைக்குத் திருமழபாடியில் கொள்ளிடத்தில் முழுகலாம் என்று போனில் கூப்பிட்டேன், வரவில்லை. எதற்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. என்மேல் ஏதாவது வருத்தமா?

அம்சவள்ளி.

---

அரியலூர்,
29 செப்டம்பர் 2023

அம்சு,

நலமாக இருப்பாய் என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதத்தை ஒரு மாதமாக அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தேன். பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

எனக்குப் பித்தம் இல்லை. ஐந்து மாதம் ஆகிறது.

எப்படி ஆயிற்று என்றே தெரியவில்லை. தலைக்கு உசந்த பெண் வீட்டில் இருக்கிறாள், எனக்கு முப்பத்தெட்டு. தெரிந்தபோது இரண்டு மாதம் முடிந்துவிட்டது. கலைத்துவிடலாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உனக்குத் தெரியாமலே முடித்துவிட வேண்டும் என்றுதான் போனேன். பெயரைக் கூப்பிடுகிற நேரத்தில் உன் நினைப்பு வந்தது. நீ ஒவ்வொரு மாதமும் எதற்காக அழுகிறாயோ அதை நான் போய் வழித்துப் போட்டுவிட்டு வருவதா என்று இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி போனேன். மறுபடியும் வந்துவிட்டேன்.

திருச்சிக்கு உன்னோடு வந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நான் வாந்தி எடுத்திருப்பேன். நீ பார்த்ததும் கண்டுபிடித்திருப்பாய்.

திட்டிவிடு. பேசாமல் மட்டும் இருக்காதே.

அக்கா.

---

அரும்பாவூர்,
16 அக்டோபர் 2023

அக்காவுக்கு,

சுகம். சுகத்துக்கு எழுதவும்.

செய்தி அறிந்தேன். மகிழ்ச்சி. உடம்பைப் பார்த்துக்கொள். பாரம் தூக்காதே. சத்துணவுக் குண்டானை வேறு ஆளை வைத்து இறக்கச் சொல்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை.

அம்சவள்ளி.

---

அரியலூர்,
6 நவம்பர் 2023

அம்சுவுக்கு அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமில்லை என்று தெரியும்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வந்திருந்தார். உன்னிடம் பெரம்பலூரில் வண்டி வேலை என்று சொல்லியிருப்பார். வேலை பெரம்பலூரில் முடிந்ததும் நேராக இங்கே வந்துவிட்டார். மாமா வேலைக்குப் போயிருந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"என்னா தம்பி, நின்னுட்டீங்க? உள்ள வாங்க," என்றேன்.

"இல்லக்கா. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுறேன். அவ ஒரு மாசமா பேசுறதில்ல. தையக் கடைக்கும் போறதில்ல. முந்தாநேத்து சாயங்காலம் கெணத்து மேட்டுல போயி உக்காந்துருந்தா. கூப்புட்டேன், திரும்பல. பக்கத்துல போயி கையப் புடிச்சுத்தான் கூட்டியாந்தேன். எனக்குப் பயமா இருக்குக்கா."

"உங்கம்மா பொண்ணு பாக்குறாங்களாமே?"

"பாக்குது. நான் முடியாதுன்னுட்டேன். எனக்குப் புள்ள வேணும்னு நான் எப்பயாச்சும் கேட்டுருக்கனா? நீங்க ஒரு தடவ வந்து அவளப் பாருங்க. அது போதும்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, என் வயிற்றைப் பார்க்காமலே போய்விட்டார்.

அன்றைக்கே மாமாவிடம் பேசிவிட்டேன். அவர் எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு வந்தார். பிறகு, "ஒன் தங்கச்சி, ஒன் இஷ்டம்," என்றார்.

இந்தப் பிள்ளை உனக்கு. ஆணோ பெண்ணோ, உனக்குத்தான். மூன்று மாதம் பால் கொடுத்துவிட்டுத் தருகிறேன். தத்து எழுத்து, பத்திரம் எல்லாம் ஒரு வயதானதும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் மாமா. வேண்டாம் என்று எழுதாதே. எனக்கு இரண்டு இருக்கிறது.

கிணற்று மேட்டுக்கு இனிமேல் போகாதே. இதை மட்டும் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜோதி.

---

அரும்பாவூர்,
13 நவம்பர் 2023

என் அக்காவுக்கு,

நீயும் உள்ளே இருக்கிற பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை ஜெயலட்சுமி அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வேண்டாம் என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். நல்ல தங்கையாக இருந்தால் அப்படித்தான் எழுதுவாள். மூன்று நாள் முயன்று பார்த்தேன். முடியவில்லை. வேண்டும் அக்கா. எனக்கு வேண்டும்.

நீ முழுகாமல் இருப்பதாக எழுதிய அன்றைக்கு நான் உன்னைப் பற்றி என்னென்ன நினைத்தேன் தெரியுமா? அதைச் சொன்னால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய். கேட்டவளுக்கு இல்லை, கேட்காதவளுக்கு மூன்றாவதா என்று சாமி படத்தைத் திருப்பி வைத்தேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் நீ பிள்ளையைத் தருகிறேன் என்கிறாய்.

அத்தையிடம் அவர் சொல்லிவிட்டார். "அக்கா தங்கச்சிக்குள்ளதானே, ரத்தம் வேற இல்லையே," என்றார்கள். ரஞ்சன்குடிப் பேச்சு நின்றுவிட்டது. மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். வயிறு இப்போது அமைதியாக இருக்கிறது. தை பிறந்ததும் உன் பிரசவத்துக்கு நான் வந்துவிடுகிறேன். உனக்கு வெந்நீர் வைப்பதிலிருந்து எல்லாம் நான்தான் செய்வேன்.

உன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

அம்சு.

---

அரும்பாவூர்,
9 மே 2024

அக்காவுக்கு, உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாமாவும் பிள்ளைகளும் சுகமா?

மூன்று மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டிலிருந்து வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. போனில் கூப்பிட்டால் மாமாதான் எடுக்கிறார். "அவ தூங்குறா," என்கிறார். பகலில் தூங்குகிறவளா நீ?

ஆதிரை நன்றாக இருக்கிறாள். முதல் இரண்டு நாள் புட்டியை வாயில் வாங்கவே இல்லை. நாக்கால் தள்ளினாள். பாலாடையில் ஊற்றினோம், துப்பினாள்.  அத்தைதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவை நாலு தடவை சுற்றி, அசந்த நேரம் பார்த்துப் புட்டியை வைத்தார்கள். குடித்துவிட்டாள். என்னை ஏழு வருஷமாகக் கடிந்து பேசின அத்தையா இது என்று இருந்தது. கூடத்தில் தூளி கட்டியிருக்கிறோம். அத்தை இப்போது தன் முழங்கால் வலியைப் பற்றியே பேசுவதில்லை. அவர் ஒரு நடை முடிந்தால் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த நடைக்குப் போகிறார். எதிர்வீட்டுக்காரியும் வந்து பார்த்தாள். அவள் முன்னால் நான் ஆதிரைக்குப் பொட்டு வைத்தேன், வேண்டுமென்றே, மெதுவாக.

அன்றைக்கு நீ பிள்ளையை என் கையில் கொடுத்தாய். துணிகளை மடித்துப் பையில் வைத்தாய். பையின் காது அறுந்திருப்பதைப் பார்த்து வேறு பைக்கு மாற்றினாய். வண்டி கிளம்பும்போது உள்ளே போய்விட்டாய்.

எப்போது வந்து பார்க்கிறாய்?

அம்சு.

---

அரியலூர்,
24 மே 2024

அம்சுவுக்கு ஆசி. கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டம் எப்படி இருக்கிறது? உன் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்தது கேட்டு சந்தோஷம். வேப்பெண்ணெயைச் சூடு பண்ணித் தடவச் சொல். ஜெயலட்சுமி கடைக்கு மறுபடியும் போகிறாயா? உங்கள் வீட்டுப் பசு கன்று போட்டுவிட்டதா?

இங்கே வெயில் தாங்கவில்லை. பெரியவள் பதினொன்றாவது பாஸ். அரவிந்தன் எங்கள் கொழுந்தனார் வீட்டுக்கு லீவுக்குப் போயிருக்கிறான். எனக்கு இரண்டு மூன்று நாள் ஜுரம் இருந்தது, விட்டுவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா தினம் மல்லிகைப் பூ கொண்டுவந்து கொடுத்தார்கள். அதுவும் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வேறு ஒன்றும் இல்லை. எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

ஜோதி.

---

அரும்பாவூர்,
11 ஜூன் 2024

அக்கா, நலமா?

உன் கடிதத்தைத் தையல் கடையில் வைத்தே படித்தேன். ஜெயலட்சுமி அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, "என்னாடி ஒரு மாதிரி ஆயிட்ட?" என்றார்கள். என் அக்காவுக்கு எதற்கு மல்லிகைப் பூ, அவள் தலையில் பூ வைப்பதே அதிசயமாயிற்றே என்று அவர்களிடம் கேட்டேன்.

"தலைக்கு இல்லடி. பால் வத்தறதுக்கு மாருல வச்சுக் கட்டுவாங்க. கட்டிக்கிட்டுப் படுத்தா நெருப்பா எரியும்," என்றார்கள்.

எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு வாய்ப்பும் இல்லை.

அதற்கப்புறம் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவரைக் கேட்டிருக்கிறாய், அத்தையைக் கேட்டிருக்கிறாய், பசு கன்று போட்டதா என்று கேட்டிருக்கிறாய். ஆதிரையைக் கேட்கவில்லை. அவள் பெயரைக்கூட எழுதவில்லை.

கேள் அக்கா. அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேள். அவள் குப்புற விழுகிறாள். தலையைத் தூக்கிக் கதவுப் பக்கம் பார்க்கிறாள். நீ கேட்டால்தான் நான் நிம்மதியாக இருப்பேன். நீ மனதாரத்தான் கொடுத்தாய் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்சு.

---

அரியலூர்,
28 ஜூன் 2024

அம்சுவுக்கு,

எல்லோரும் நலம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மழை ஒரு நாள் பெய்தது. முட்டை வண்டி இந்த வாரம் தாமதம்.

பூ கட்டுவதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான், நீ அதைப் பெரிதுபடுத்தாதே. மனதாரத்தான் கொடுத்தேன். நீ நன்றாக இருந்தால் போதும்.

எழுத வேறு விஷயம் இல்லை. கொஞ்ச நாளைக்குக் கடிதம் போட வேண்டாம். வேலை அதிகம், படிக்க நேரம் இல்லை.

ஜோதி.

---

அரும்பாவூர்,
2 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு, நீயும் மாமாவும் மூன்று பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

கடிதம் போடாதே என்றாய். உன் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்றைக்கு உன்னிடம் எதையும் சொல்ல முடியாமல் வந்துவிட்டேன், அதனால் போடுகிறேன்.

உன் கடைசிக் கடிதம் வந்த பிறகு பல நாள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பேசினால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். ஆதிரையைக் குளிப்பாட்டும்போது, எண்ணெய் தேய்க்கும்போது, இன்னும் ஒரு நாள் இருக்கட்டும், இன்னும் ஒரு நாள் என்று தள்ளினேன். அவள் என் மோவாயைப் பிடித்துக்கொள்வாள் அக்கா. நான் வழிக்காமல் விட்டிருந்த நாளிலும் பிடித்துக்கொள்வாள். சொரசொரப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. என் உடம்பில் ஒருத்தருக்குப் பிடித்த இடம் என்று அது ஒன்று இருந்தது.

ஒரு நாள் காலையில் அவரிடம் சொன்னேன். "புள்ளைய அக்காகிட்ட கொண்டுபோயி விட்டுருவோம்."

அவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "அக்கா கேட்டுச்சா?"

"கேக்கல. கேக்கவே மாட்டா. அதான்."

"நீ தாங்குவியா?"

"தெரியல."

அவர் வெளியே போனார். வண்டியில் ஏற்றியிருந்த வெங்காய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். அத்தைக்கு அப்போதுதான் விளங்கியது. தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். "குடுத்தத யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களாடி? ஒனக்குக் கிறுக்கா? இத விட்டா ஒனக்கு ஏதுடி?" என்றார்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் சரி.  ஆதிரையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

பெரம்பலூர் தாண்டியதும் திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பேரளியில் ஒரு தடவை நிறுத்தச் சொன்னேன். அவர் ஓரமாக நிறுத்தினார். அவர் என்னைப் பார்க்கவில்லை, சோளக்கொல்லையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "போகட்டுமா?" என்றார். போங்க என்றேன்.

நீ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாய். இளைத்துப் போயிருந்தாய். நான் வாசலில் நின்றதைப் பார்த்தும் பிள்ளையைப் பார்க்கவில்லை. "எப்ப வந்த? சாப்புட்டியா?" என்று என்னிடம்தான் கேட்டாய். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. நான் அவளை உன் பக்கம் நீட்டி, "இந்தா, ஒன் பொண்ணு," என்றேன். நீ போய்க் கையைக் கழுவினாய். முந்தானையில் துடைத்தாய். மறுபடியும் போய்க் கழுவினாய். அப்படியும் கிட்டே வரவில்லை. "பாக்கத்தான வந்த? சாயங்காலம் கூட்டிட்டுப் போயிடுவல்ல?" என்று கேட்டாயே, அப்போதுதான் அக்கா, நான் எப்பேர்ப்பட்டதை உன்னிடம் வாங்கியிருக்கிறேன் என்று புரிந்தது.

இல்லை என்று சொன்னதும் நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். அவளை வாங்கிக்கொண்ட பிறகு என் பக்கம் நிமிரவே இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

தத்து எடுப்பது தப்பு என்று நான் நினைக்கவில்லை. நீ பிள்ளையை எனக்குக் கொடுக்க ஆசைப்பட்டுக் கொடுக்கவில்லை. நான் செத்துவிடுவேன் என்று பயந்து கொடுத்தாய். அதைத் தெரிந்துகொண்டே நான் வாங்கினேன். சாக மாட்டேன். இதை எழுத்தில் தருகிறேன், நம்பு.

அத்தை என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. தூளியை நான் அவிழ்க்கப் போனேன், விடவில்லை. நேற்றுச் சாப்பிடும்போது, சோற்றைப் பார்த்தபடியே, "அடுத்த தடவ போவும்போது என்னையும் கூட்டிட்டுப் போ," என்றார்கள்.  ரஞ்சன்குடிப் பேச்சு மறுபடியும் எழுமோ என்னவோ. எழுந்தால் அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். வீட்டில் பால் புட்டி இருக்கிறது, அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கக் காலையில் தானாகக் கை போகிறது. எனக்கு இன்னும் பிள்ளை வேண்டும். குறையவே இல்லை, கூடித்தான் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை திருச்சிக்குப் போகிறேன். மாத்திரையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தத் தடவை அவர் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார். வளருமா என்று தெரியாது. வளராவிட்டால் என்ன செய்வேன் என்றும் தெரியாது. அதைப் பிறகு பார்ப்பேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ எனக்காகப் பயந்து இனி எதையும் மறைக்காதே. பதில் போடும்போது ஆதிரையைப் பற்றி எழுது. எப்படித் தூங்குகிறாள், எதைப் பார்த்துச் சிரிக்கிறாள், தவழ்ந்தாளா, பல் முளைத்ததா, எல்லாம். படிக்கும்போது எனக்கு வலிக்கும். வலிக்கட்டும், நீ எழுது.

உன் தங்கை,
அம்சவள்ளி.